நான்கு துளைகள்

ஐந்து கதவுகளையும் கழற்றி
கூடத்தில் மர முட்டுகளின் மேல் கிடத்தினோம்.
கீல்களின் திருகாணிகளை ரைவோ
ஐந்து ஜாம் புட்டிகளில் போட்டு
மூடிகளில் எழுதினான்:
சமையலறை, குளியலறை, லோரே, நாங்கள்.
ஐந்தாவது மூடியில் ஒன்றும் எழுதவில்லை.
போன மார்ச்சில் வீடு வாங்கியது.
அந்தச் சின்ன அறைக்கு மட்டும்
இன்னும் பெயர் வைத்தபாடில்லை.

தார்த்துவில் ஜூன் மாதம்.
இரவு பதினொன்றுக்கும்
விளக்கில்லாமல் பெயின்ட் அடிக்கலாம்.
அவரைத் தெருவில் யாரோ புல் வெட்டுகிறார்கள்,
படுக்கை என்ற ஒன்று இருப்பதே மறந்தவர்போல.

கதவில்லாத வீடு
முதல் நாள் வேடிக்கையாகத்தான் இருந்தது.
குளியலறைக்குப் போர்வை கட்டினோம்.
உள்ளே இருப்பவர் பாட வேண்டும், இது லோரே போட்ட சட்டம்.
ரைவோவுக்குப் பாட்டு வராது.
வானிலை அறிக்கை வாசித்தான்:
தெற்கிலிருந்து மிதமான காற்று,
ஏரிப்பக்கம் லேசான தூறல்.

இரண்டாம் நாள் மற்றவை கேட்டன.
நள்ளிரவு தாண்டி லோரே ஃபோனில் கிசுகிசுத்தாள்:
"கெட்டவங்க இல்ல. சும்மா, களைச்சுப் போனவங்க."
மூன்று மணிக்கு ரைவோ ஃப்ரிட்ஜைத் திறந்து
எதையும் எடுக்காமல்
வெகுநேரம் அதன் வெளிச்சத்தில் நின்றான்.
என்னிடமிருந்து என்ன கேட்டது என்று
அவர்கள் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தேய்க்க
வெள்ளைக்கு அடியில் கடுகு மஞ்சள்,
அதற்கு அடியில் ஆஸ்பத்திரிப் பச்சை,
அதற்கும் அடியில்
பழைய ரத்தம் காய்ந்த மாதிரி ஒரு பழுப்பு.
மூக்குச் சிந்தினால் மஞ்சளாக வந்தது.

ஐந்தாவது கதவில்
என் நெஞ்சு உயரத்தில்
நான்கு பொட்டுகள், பட்டி வைத்து அடைத்தவை.
திருகாணியால் நோண்டினேன், பொலபொலவென உதிர்ந்தது.
நிலையில் அதே மட்டத்தில் இன்னும் இரண்டு.

தாழ்ப்பாள் இருந்த இடம்.
வெளிப்பக்கம்.

"பண்டக அறையா இருந்திருக்கும்" என்றான் ரைவோ.
"பன்றித் தொடை தொங்கவிட்டிருப்பாங்க.
பூனை நுழையாம இருக்க."
லோரே ஒரு துளையில் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தாள்.
"பன்றித் தொடைக்கு எதுக்கு ஜன்னல்?"

கதவைப் புரட்டி உள்பக்கம் பார்த்தேன்.
நகக்கீறல் இல்லை, எழுத்து இல்லை, ஒன்றுமே இல்லை.
நிம்மதியாக இருந்தது.
பிறகு உள்ளங்கையால் தடவினேன்:
மற்ற நான்கு கதவுகளைவிட வழவழப்பு.
எனக்கு முன்னால் யாரோ
இந்தப் பக்கத்தை மட்டும்
நிறைய நேரம் எடுத்துத் தேய்த்திருக்கிறார்கள்.

பெயின்ட் கடையில் இந்த நிறத்துக்கு மோர் என்று பெயர்.
முதலில் குழிந்த பலகைகள்,
பின் குறுக்குச் சட்டங்கள், கடைசியில் நெடுஞ்சட்டங்கள்.
பிரஷை இழுத்த வாக்கில் மெல்லத் தூக்க வேண்டும்,
இல்லாவிட்டால் நின்ற இடம் தெரியும்.
ஈரத்தில் ஒரு கொசு உட்கார்ந்து போராடியது.
எடுத்தால் தழும்பு, விட்டால் கொசு.
விட்டுவிட்டேன்.

பட்டி டப்பாவை நான் திறந்ததும் லோரே கேட்டாள்,
"அடைச்சா தெரியவே தெரியாதுல்ல?"
"தெரியாது."
"அப்போ வேணாம்."
பதிமூன்று வயதுக்காரியோடு
எத்தனை விஷயத்துக்குத்தான் மல்லுக்கட்டுவது.
துளைகளைச் சுற்றி அடித்தேன்.

நான்கு கதவுகள் நிலைக்குத் திரும்பின.
புதுப் பெயின்ட் இன்னும் இறுகவில்லை.
காலையில் திறக்கும்போதெல்லாம்
சின்னதாக ஒரு பிய்யும் சத்தம்,
காயத்திலிருந்து பிளாஸ்திரி வருகிற மாதிரி.
பாட்டு நின்றுவிட்டது.
வானிலை என்னவென்று
யாரும் எனக்குச் சொல்வதில்லை.

ஐந்தாவதை மாட்ட
இந்த வாரம் ரைவோவுக்கு நேரமில்லை.
போன வாரமும் இல்லை.
பெயரில்லாத புட்டி ஜன்னலில் கிடக்கிறது,
கதவு கூடத்தில், முட்டுகளின் மேல்.
அதில்தான் இப்போது சாப்பிடுகிறோம்.
நேற்று கம்பு ரொட்டி, உப்பு மீன், புது உருளைக்கிழங்கு.
என் தட்டு துளைகளின் மேல் இருந்தது.
லோரே ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தாள்.
தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டேன்.